ஹெச்பிசி (பல கணினிகளைச் சேர்த்துப் பெரிய கணக்குப் போடும் முறை) சொல்லித்தர ஹேக்கத்தான் சரிவருமா? நடத்தியவர்கள், கலந்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

பதிவு: கியூவில்_காத்திருப்பவன்

வணக்கம். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகளின் தொகுப்பு) வேலை போடுகிறவர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள். வேதியியல், வளிமண்டலம், வானியற்பியல், கொஞ்சம் உயிரியல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வருஷாவருஷம் எம்பிஐ, ஓப்பன்எம்பி (ஒரு கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் வழிகள்) வகுப்பு நடத்துகிறோம். வருகிறார்கள். π (பை) மதிப்பை நாலு பிராசஸாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள். சான்றிதழோடு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் கியூவை (கிளஸ்டரில் ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) திறந்து பார்த்தால் அதே ஆள் முழு நோடையும் (கிளஸ்டரின் ஒரு கணினி) பிடித்துவைத்துக்கொண்டு அதில் ஒரே ஒரு கோரை (சிபியுவுக்குள் கணக்குப் போடும் அலகு) ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஜிபியு (ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கணக்குப் போடும் சிப்) உள்ள நோடுகளோ, மெஷின் லேர்னிங் செய்கிற குழுக்கள் தொடாத நேரமெல்லாம் சும்மா கிடக்கின்றன.

இப்போது மேலிடத்திலிருந்து, "வகுப்பெல்லாம் போதும், ஒரு ஹேக்கத்தான் போடுங்கள்" என்று வந்திருக்கிறது. ஹேக்கத்தான் என்றால் எனக்குத் தெரிந்தது கல்லூரிப் பிள்ளைகள் விடிய விடிய உட்கார்ந்து ஆப் செய்து பரிசு வாங்குவது. முப்பது வருஷ ஃபோர்ட்ரான் கோடை (நிரலை) கட்டிக் காக்கிற பேராசிரியரிடம் போய் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்?

புரொஃபைலரை (கோடில் எங்கே நேரம் போகிறது என்று அளக்கும் கருவி) திறந்தே பார்க்காதவர்களுக்கு மூன்று நாலு நாளில் என்ன ஏறும்? கடைசியில் எங்கள் ஆட்களே உட்கார்ந்து அவர்கள் கோடை மாற்றிக்கொடுக்கிற இலவச சேவையாக முடிந்துவிடாதா? மென்டராக (வழிகாட்டியாக) உட்கார எங்களிடம் மூன்று பேர்தான் தேறுவார்கள். எத்தனை குழுவை எடுக்கலாம், யாரை எடுக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் விவரமாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

---

பதில்: நூலிழை

நான் பல வருஷமாக இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் மென்டராக உட்காருகிறவன். அதற்கு முன் குழுவில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைக்கிற ஹேக்கத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே பரிசு கிடையாது, போட்டி கிடையாது, ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இந்த முறை பரவலானதற்கு முக்கியக் காரணம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2014-இல் தொடங்கிய ஜிபியு ஹேக்கத்தான்கள். அப்போது அங்கே டைட்டன் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 18,688 நோடுகள், ஒவ்வொன்றிலும் 16 கோர் சிபியு ஒன்று, ஜிபியு ஒன்று. மொத்தத் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஜிபியுக்களில் இருந்தது. சிபியுவில் மட்டும் ஓடுகிற கோடோடு வருகிற விஞ்ஞானி அந்த இயந்திரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொடுகிறார். வகுப்பு எடுத்து ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. அதனால் கோடு யாருடையதோ அந்தக் குழுவையே வரவழைத்தார்கள். ஜிபியு தெரிந்த ஓரிருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு வாரம் அந்தக் கோடிலேயே வேலை. பிறகு சுவிட்சர்லாந்தின் லுகானோ, ஜெர்மனி என்று பல கணினி மையங்கள் அதே பாணியை எடுத்துக்கொண்டன. 2020-இல் பெருந்தொற்று வந்ததும் எல்லாம் இணையத்துக்குப் போனது. முதல் நாளை மட்டும் தனியாக வைத்து, இடையில் சில நாள் விட்டு, பிறகு தொடர்ந்து மூன்று நாள் என்று பிரித்து நடத்துவது அப்போது பரவியது. அந்த இடைவெளி பெரிய வரம் என்பேன். முதல் நாள் கம்பைல்கூட ஆகாத கோடு அந்த இடைவெளியில் ஆகிவிடும்.

இனி உங்கள் இலவச சேவை சந்தேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. கீபோர்டில் யார் விரல்? இந்த ஒன்றைக் கவனித்தால் போதும். நான் மென்டராக இருக்கும் மேசையில் கீபோர்டைத் தொடமாட்டேன். குழுவில் ஒருவர் அடிப்பார், நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் இது சித்திரவதை. எனக்கு அரை நிமிஷத்தில் ஆகிற காரியம் அவர்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். பல மென்டர்களுக்கு இங்கேதான் கை அரிக்கும், "கொஞ்சம் தள்ளுங்க" என்று லேப்டாப்பை இழுத்துக்கொள்வார்கள். இழுத்த நிமிஷத்திலிருந்து அது பயிற்சி அல்ல. கோடு வேகமாகிவிடும், குழு அப்படியேதான் திரும்பிப் போகும்.

முன்தயாரிப்பு. பாதி வெற்றி இங்கே முடிவாகிவிடுகிறது, யாரும் மதிப்பதில்லை. குழு வரும்போதே கையில் ஒரு சோதனைக் கணக்கு இருக்க வேண்டும்: ஒரே நோடில் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிகிறது, ஆனால் நிஜக் கணக்கின் சாயல் அதில் இருக்கிறது. இது கேட்க எளிதாக இருக்கும். விஞ்ஞானிகள் கொண்டுவருவது ஒன்று, இரண்டு வாரம் ஓடுகிற முழு ரன். அல்லது 10 க்கு 10 கட்டத்தில் ஒரு பொம்மை. பொம்மையில் எல்லா அரேக்களும் (எண் அடுக்குகள்) கேஷுக்குள் (சிபியுவுக்குள் இருக்கும் சின்ன, வேகமான மெமரி) அடங்கிவிடும், அங்கே கிடைக்கிற புரொஃபைலை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. கட்டத்தின் அளவை நிஜம்போல வைத்துக்கொண்டு காலப்படிகளை மட்டும் குறையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கூடவே, விடை சரியா என்று சொல்கிற ஒரு ஸ்கிரிப்ட். இது இல்லாத குழுவை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பழைய அவுட்புட் கோப்பையும் புதியதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற ஸ்கிரிப்ட் உதவாது. கணினியில் பின்ன எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். 10-இன் 16-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள்; இரட்டைத் துல்லியத்தில் 0 வரும். முதலில் கழித்துவிட்டு அப்புறம் 1-ஐக் கூட்டினால் 1 வரும். ஆயிரக்கணக்கான த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழைகள்) ஓடுகிற இடத்தில் கூட்டல் வரிசை நம் கையில் இல்லை. அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? இதற்கு மென்டரால் பதில் சொல்லவே முடியாது. மொத்த நிறை மாறக்கூடாது, மொத்த ஆற்றல் இத்தனை இலக்கம் வரை நிற்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அந்த இயற்பியல் தெரிந்தவர் ஒருவர்தான். உங்கள் முப்பது வருஷ ஃபோர்ட்ரான் பேராசிரியர் அறையில் இருக்க வேண்டிய காரணமே இது. அவரிடம் இப்படிச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்.

முதல் காலை யாரையும் ஒரு வரிகூட மாற்ற விடமாட்டேன். புரொஃபைலர் மட்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: "நேரம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்?" எல்லாரும் ஆளுக்கொரு பதில் பலகையில் எழுத வேண்டும். பிறகு ஓட்டிப் பார்ப்போம். பத்து வருஷமாக அந்தக் கோடோடு குடும்பம் நடத்தியவர் எழுதியதும் தப்பாகப் போவது வழக்கம். சமன்பாடு தீர்க்கும் இடம் என்று சத்தியம் செய்வார்கள், நேரம் போவது ஒவ்வொரு படியிலும் டெக்ஸ்ட் கோப்பு எழுதுவதில் இருக்கும். ஆம்டால் விதி (வேகப்படுத்தாமல் விட்ட பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை போடும்) 1967-இலிருந்து இருக்கிறது, வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்திருப்பார்கள். ஆனால் சொந்தக் கோடில் தான் வேகப்படுத்த வந்த பகுதி மொத்த நேரத்தில் 60 சதவீதம்தான், அதை நேரமே எடுக்காத அளவுக்குச் சுருக்கினாலும் இரண்டரை மடங்குக்கு மேல் கிடைக்காது என்று பார்க்கும்போது ஏற்படுகிற முகமாற்றம் வேறு. அதற்கப்புறம் எதைத் தொடுவது என்று என்னைக் கேட்பதில்லை. அவர்களே அளந்து பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பாய்ம இயக்கவியல் கோடு, ஃபோர்ட்ரான், கட்டம் 256 க்கு 256 க்கு 256. ஓப்பன்ஏசிசி (லூப்பை ஜிபியுவில் ஓட்டும்படி கம்பைலருக்குக் குறிப்புவரி எழுதும் முறை) போடுவது என்று முடிவு. பெரிய லூப்புகளின் தலையில் ஒவ்வொரு டைரக்டிவ் (அந்தக் குறிப்புவரி) போட்டார்கள், கம்பைல் ஆனது, விடையும் சரி. ஓட்டினால் பழைய சிபியு கோடைவிட மெதுவாக ஓடுகிறது. கீபோர்டில் இருந்த மாணவி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் புரொஃபைலரின் டைம்லைனைத் திறக்கச் சொன்னேன்.

திரையில் பச்சையும் இளஞ்சிவப்புமாக நீள நீளப் பட்டைகள், நடுநடுவே நூல்போல நீலக் கீற்றுகள். நீலம்தான் ஜிபியு நிஜமாகக் கணக்குப் போடும் நேரம். மற்றதெல்லாம் டேட்டா போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. "இந்த அரே இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். மெமரியில் என்றார். எந்த மெமரி? அங்கே ஒரு நீண்ட மௌனம். தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஓர் அரே 134 மெகாபைட். எட்டு அரே சேர்ந்தால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். அந்த இயந்திரத்தில் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் நடுவே இருந்த பிசிஐ பாதை காகிதக் கணக்கிலேயே நொடிக்கு 16 ஜிகாபைட். ஆக ஒரு வழிப் பயணத்துக்கு 65 மில்லி நொடிக்கு மேல். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 900 ஜிகாபைட். அங்கேயே வைத்துப் படித்தால் ஒரு மில்லி நொடி சொச்சம். பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு தாளைக் கொடுக்க ஒவ்வொரு முறையும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது அந்தக் கோடு. அவரே பேனாவை வைத்துவிட்டு, "காலப்படி லூப்புக்கு வெளியே ஒரே தடவை அனுப்பிவிட்டால்?" என்றார். அனுப்பினார். கடைசி நாள் வரை அந்த மேசையில் யார் எந்த அரேயைப் பற்றிப் பேசினாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அது இப்போ எங்கே இருக்கு?" நான் அன்று டேட்டா ரீஜன் (டேட்டாவை ஜிபியுவிலேயே வைத்திருக்கும் ஓப்பன்ஏசிசி வசதி) பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

எத்தனை குழு என்றால், உங்களிடம் மூன்று மென்டர் இருந்தால் இரண்டு குழு. மூன்றாவது ஆள் எங்கேயும் உட்காராமல் சுற்றட்டும். கம்பைலர் பிரச்சினை, கியூ பிரச்சினை, பாஸ்வேர்டு மறந்தவர்கள் என்று அவருக்கு வேலை சரியாக இருக்கும். பெரிய ஹேக்கத்தான்களில் குழுவுக்கு மூன்றிலிருந்து ஆறு பேர், மென்டர் இருவர் என்பது வழக்கம். ஒற்றை ஆளாக வருகிறவரை எடுக்காதீர்கள். அவர் ஊருக்குப் போனதும் அந்தக் கோடைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

---

பதில்: மூலக்கூறு_மகள்

நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேதியியல். எங்கள் குழுவில் சி பிளஸ் பிளஸில் ஒரு மூலக்கூறு இயக்கக் கோடு, எனக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவர்கள் எழுதியது. ஜிபியுவில் போட்டே தீருவது என்று ஹேக்கத்தானுக்குப் போனோம். நூலிழை சார் சொன்ன மாதிரி எல்லா மென்டரும் கீபோர்டைத் தொடாமல் இருப்பதில்லை, அதையும் பார்த்தேன்! ஆனால் எங்களுக்கு வாய்த்த மேடம் முதல் நாள் ஒரே ஒரு வேலைதான் செய்தார். என்னை எழுப்பிவிட்டு, "இந்தக் கோடு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாதும்மா, எனக்கு வேதியியல் வராது, பலகையில வரைஞ்சு காட்டு" என்றார்.

வரைந்தேன். துகள்கள், அவற்றுக்கு நடுவே தூரம், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் விசையைக் கணக்கில் எடுப்பதில்லை. சொல்லிக்கொண்டே வரும்போது அவர், "அப்பால் இருப்பதை எடுப்பதில்லை சரி, அப்பால்தான் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம் என்றேன். எல்லா ஜோடிக்குமா? ஆமாம், எல்லா ஜோடிக்கும். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கணக்கில் 1 லட்சம் துகள். ஜோடிகள் 500 கோடி. ஒவ்வொரு துகளுக்கும் பக்கத்தில் இருப்பது அறுபது என்று வைத்தால் விசை கணக்கிட வேண்டிய ஜோடி வெறும் 30 லட்சம். பெட்டியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, தன் அறையையும் சுற்றியுள்ள 26 அறைகளையும் மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், பரீட்சைக்கு நானே எழுதியிருக்கிறேன். எங்கள் கோடில் அது இல்லை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தக் கோப்பை யாரும் திறந்து படித்ததில்லை. ஆரம்பத்தில் ஆயிரம் துகளுக்கு எழுதியது அப்படியே வளர்ந்துவிட்டது.

இரண்டு நாள் சிபியுவிலேயே வேலை செய்தோம். ஜிபியுவைத் தொட்டது கடைசி நாள் மதியம்தான். எங்கள் கைடு வந்து பார்த்துவிட்டு, ஜிபியுவுக்கு அனுப்பினால் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றார். ஓட்டிக் காட்டினோம். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள், கியூவில் காத்திருப்பவரே. நாலு பேர் குழுவில் நன்றாக டைப் செய்கிற ஒருவர் கீபோர்டை எடுத்துக்கொண்டால் மற்ற மூவரும் பார்வையாளர்தான். பெரும்பாலும் அந்த ஒருவர் யார், அந்த மூவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மணிக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்று விதி வையுங்கள். எங்கள் மேடம் மொபைலில் அலாரம் வைத்திருந்தார்.

---

பதில்: பழைய_கம்பைலர்

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒன்று, இது ஆரம்பப் பாடத்துக்குப் பதில் ஆகாது. ஷெல்லில் டைரக்டரி மாறத் தெரியாதவர், கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) என்றால் என்னவென்று கேட்கிறவர் வந்து உட்கார்ந்தால் நாலு நாளும் அதற்கே சரி. அடிப்படை வகுப்பை நிறுத்திவிட்டு ஹேக்கத்தான் என்று உங்கள் மேலிடம் நினைத்தால் அது தப்பு. இரண்டு வாரம் முன்னால் அரை நாள் வகுப்பு வைத்து அதற்கு வந்தவர்களை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, மடங்குக் கணக்கு. கடைசி நாள் எல்லாரும் மேடை ஏறி 80 மடங்கு, 120 மடங்கு என்பார்கள். எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சிபியுவின் ஒற்றைக் கோரை, அதுவும் வேகப்படுத்தச் சொல்லும் ஆப்டிமைஸ் ஃபிளாக் போடாமல் கம்பைல் செய்ததை, முழு ஜிபியுவோடு ஒப்பிட்டிருப்பார்கள். நோடின் எல்லாக் கோரையும் ஒழுங்காக ஓட்டி ஒப்பிட்டால் அதே 80 மடங்கு 4 ஆகும், 5 ஆகும். நாலும் நல்ல எண்தான், நாலு நாள் ரன் ஒரே நாளில் முடிகிறதே! ஆனால் இயக்குநருக்கு அனுப்பும் அறிக்கையில் 80 என்று போய்விடும், அடுத்த வருஷம் எல்லாரும் 80-ஐ எதிர்பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஹேக்கத்தானில் பிறந்த கோடு எங்கே போகிறது? தனி பிராஞ்சில் (கோடின் கிளைப் பிரதி) கிடக்கும். எழுதிய மாணவர் படிப்பு முடித்துப் போய்விடுவார். மெயின் பிராஞ்ச் தன் பாட்டுக்கு முன்னேறியிருக்கும். ஒரு வருஷம் கழித்து இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் சேராது. இப்படி அநாதையாய்ப் போன ஜிபியு பிராஞ்சுகளை நான் நிறையவே பார்த்தாயிற்று.

இன்னொன்று, யார் காசு போடுகிறார்கள் என்று பாருங்கள். சிப் விற்கிறவர்கள் மென்டர் அனுப்பினால் அவர்கள் கருவியைத்தான் சொல்லித்தருவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் டைட்டனிலும் அதற்கு அடுத்து வந்த சம்மிட்டிலும் இருந்தது என்விடியா. அதே ஓக் ரிட்ஜில் 2022-இல் வந்த ஃபிரான்டியரில் இருப்பது ஏஎம்டி. என்விடியாவுக்கு மட்டுமான கூடா மொழியிலேயே எழுதித் தள்ளியவர்கள் திரும்ப உட்கார வேண்டி வந்தது. ஓப்பன்எம்பியிலேயே 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஜிபியுவுக்கு வேலை அனுப்பும் வசதி இருக்கிறது, பல நிறுவன சிப்களிலும் ஓட வைக்கும் கோக்கோஸ், சிக்கிள் என்று வேறு வழிகளும் உண்டு. பத்து வருஷம் ஓடப்போகிற கோடு என்றால் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள்.

---

பதில்: நூலிழை

பழைய கம்பைலர் அண்ணன் சொன்னதில் மடங்குக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. நான் இருக்கிற மேசையில் ஒப்பீடு எப்போதும் முழு நோடோடுதான். அறிக்கையில் மடங்கையே போடாமல், "இந்தக் கணக்கு முன்பு இத்தனை மணி நேரம், இப்போது இத்தனை" என்று போடச் சொல்வேன். அதை யாரும் ஊதிப் பெருக்க முடியாது.

பிராஞ்ச் அநாதையாவதைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. கோடு செத்தாலும் கற்றது சாகவில்லை. மூலக்கூறு மகள் எழுதியதைப் பாருங்கள். அந்தப் பெண் இனி எந்தக் கோடைத் திறந்தாலும் முதலில் லூப்புக்குள் என்ன ஓடுகிறது என்றுதான் பார்ப்பார். கணினி மையத்துக்குக் கிடைக்க வேண்டியதும் அதுதானே? (அக்கம்பக்கத் துகள்களின் பட்டியல் வைத்துக்கொள்ளும் வெர்லேயின் உத்தியும் 1967-தான். ஆம்டால் வருஷமே. என்ன ஒரு வருஷம்!) ஆனாலும், குழுவில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவராவது வந்தால்தான் இடம் என்று விதி வைத்தால் அண்ணன் சொல்லும் பிரச்சினை பெரும்பாலும் தீரும். மாணவர்கள் மட்டும் வருகிற குழுவுக்குத்தான் இந்தக் கதி.

---

பதில்: கியூவில்_காத்திருப்பவன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நிறையவே கிடைத்துவிட்டது. மேலிடத்தில் பேசினேன். இரண்டு குழு என்றதும் முகம் சுளித்தார்கள், "இருபது குழு வந்தது என்று போட முடியாதா" என்றார்கள். நாலில் வந்து நிற்கிறோம், வெளியிலிருந்து மென்டர் தேடுகிறேன்.

இரண்டு விஷயம் இன்னும் தெளிவில்லை. ஒன்று, மெஷின் லேர்னிங் குழுக்கள் ஓட்டுகிற நேரத்தில் எங்கள் கியூவில் ஜிபியு வேலைக்கு அரை மணியாவது காத்திருக்க வேண்டும், ஹேக்கத்தானுக்கு இது சரிவருமா? இரண்டாவது, விண்ணப்பித்திருக்கும் உயிரியல் குழுவின் கோடு முழுக்கப் பைத்தான். ஃபோர்ட்ரான், சி இல்லாதவர்களை எடுக்கலாமா?

---

பதில்: நூலிழை

அரை மணியா? வேண்டவே வேண்டாம். ஹேக்கத்தானில் ஒரு குழு காலையிலிருந்து மாலைக்குள் பத்து இருபது தடவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும். அரை மணி காத்திருந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது என்ன மாற்றினோம் என்பதே மறந்திருக்கும். கியூவை நடத்த ஸ்லர்ம் மென்பொருள்தானே வைத்திருக்கிறீர்கள்? அந்த நாட்களுக்குக் குழுவுக்கு ஒரு ஜிபியு நோடாவது ரிசர்வேஷன் போட்டு ஒதுக்கிவிடுங்கள். மற்ற பயனர்கள் சத்தம் போடுவார்கள், அதனால் இப்போதே அறிவிப்பு அனுப்பிவிடுவது நல்லது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் குழுவில் ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து ஒரு சின்ன வேலையை ஓட்டிப் பார்த்தாரா என்று உங்கள் சுற்றுகிற ஆள் சரிபார்க்கட்டும்.

பைத்தான் குழுவைத் தாராளமாக எடுங்கள். சொல்லப்போனால் அவர்களோடு வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். அங்கே முதல் நாள் ஜிபியு பேச்சே வராது. லூப் போட்டு ஒவ்வொரு எண்ணாகத் தொடுகிற இடத்தை நம்பை (NumPy, அரே கணக்குக்கான பைத்தான் நூலகம்) வழியாக முழு அரே கணக்காக மாற்றினாலே ஆளை அசத்துகிற வித்தியாசம் தெரியும். அதற்கப்புறமும் மிச்சம் இருக்கிற, அதிக நேரம் தின்னும் லூப்பை நம்பாவில் (Numba) கம்பைல் செய்யலாம், அரேக்களைக் கூப்பையில் (CuPy) ஜிபியுவுக்கு நகர்த்தலாம். ஆனால் அங்கேயும் அதே கேள்விதான், அரே எங்கே இருக்கிறது. கூப்பையில் எழுதிவிட்டு ஒவ்வொரு வரியிலும் நம்பைக்குத் திருப்பி எடுத்தால் மேலே சொன்ன பச்சை, இளஞ்சிவப்புப் பட்டைகள் இங்கேயும் வரும்.

அவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்று. கோப்பு எத்தனை, எவ்வளவு பெரிது? உயிரியல் குழுக்கள் லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளோடு வருவது வழக்கம். பேரலல் ஃபைல் சிஸ்டத்தில் அதைத் திறந்து மூடுவதற்கே பாதி நேரம் போகும், மற்ற மூன்று குழுவும் சேர்ந்து மெதுவாகும். அப்படியானால் ஹேக்கத்தான் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே ஹெச்டிஎஃப்5 கோப்பாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

---

பதில்: மூலக்கூறு_மகள்

கோப்பு விஷயம் எங்கள் குழுவிலும் உண்டு. கட்டுவதற்கு நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் இருக்கிறது, உயிரியல் குழுவுக்கு வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். மென்டர் இன்னும் கிடைக்கவில்லையென்றால் எங்கள் மேடத்திடமும் கேட்டுச் சொல்கிறேன்.